வண்டி காலி

நேற்று மாலை இழுத்து இழுத்து, துளி சுருக்கம் இல்லாமல் தைத்து முடித்த பின்சீட்டில், காலையில் வந்து பார்த்தால் மூன்று பள்ளங்கள் இருந்தன. மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து எழுந்துபோன மாதிரி. சீட்டுத் தையல்காரன் உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். நடுப்பள்ளம் வெதுவெதுப்பாக இருந்தது.

"ராத்திரி யாராச்சும் ஏறித் தூங்கியிருப்பாங்கண்ணே," என்றான் கூட வேலை செய்யும் அவன் தம்பி. "ஓசின்னா நம்ம ஆளுங்க விடுவாங்களா?"

தையல்காரன் சிரிக்கவில்லை. வண்டி நின்ற கொட்டகையின் சாவி இரவு முழுக்க அவன் தலையணைக்கடியில்தான் கிடந்தது.

மறுநாள் காவல்துறையின் பழைய வண்டிகளெல்லாம் ஊர்வலம் போகின்றன. அதற்காகத் துடைத்து, பெயின்ட் அடித்து, வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்: பணக்காரர்கள் ஓட்டிப் பழசாக்கியபின் இலாகா வாங்கிய முதல் கார், கூரையில்லாத ஜீப்புகள், கம்பியில்லாக் கருவி வைத்த வெள்ளை வண்டிகள். கடைசியில், சுவரோரம், அவன் சீட்டு தைத்த, முகப்பு உருண்ட அந்தக் கறுப்பு வண்டி. மற்றவை எல்லாம் புது பெயின்ட் வாசனை அடித்தன. இதில் மட்டும் எத்தனை முறை கழுவினாலும் ஈரத்துணியும் பழைய வியர்வையும் கலந்த ஒரு நாற்றம் கிளம்பிக்கொண்டே இருந்தது.

அதை ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் ஊர்வலத்துக்காக வந்திருந்தார். வண்டிகளின் வரலாற்றைச் சொல்லச் சொன்னால் போதும், பல்செட் கழன்று விழும்வரை பேசுவார்.

"இதுக்குப் பின்கதவுல உள்பக்கம் கைப்பிடியே கிடையாது, பார்த்தியா? கைதியை ஏத்தினா ஏத்தினதுதான். ஒவ்வொரு டிரிப்புக்கும் யாராச்சும் ஒளிஞ்சிருக்காங்களான்னு பின்சீட்டைத் தூக்கிப் பார்க்கணும். உள்ள வந்தாலும் சரி, வெளிய போனாலும் சரி, கேட்ல இருக்கறவன் 'வண்டி காலியா?'ன்னு கத்துவான். 'காலி'ன்னு பதில் வந்தாத்தான் கேட்டைத் தொடுவான். இன்னிக்கும் அந்தப் பழக்கம் போகல."

"பார்க்காம காலின்னுட்டா?" என்று கேட்டான் தம்பி.

"சொன்னா சொன்னதுதான். ஒருத்தன் அப்படித்தான் சொன்னான். உள்ள ஆள் இருந்திச்சு. காலையில பூட்டு பூட்டினபடி இருக்கு, திறந்தா ஆள் இல்ல. அப்படி மூணு தடவை ஆகியிருக்கு." கிழவர் வண்டியின் கூரையைச் செல்லமாகத் தட்டினார். "'தப்பாச் சொல்லிட்டேன், உள்ள ஆள் இருக்கு'ன்னு சொன்னவனே அதே கேட்ல நின்னு ஒத்துக்கிட்டா அவனை வெளிய விட்டுடுவாங்க. ஆனா சொன்னவன் அந்த இடத்துல போய் உக்காரணும். அதுதான் அந்தக் காலத்து முறை. இதுவரைக்கும் ஒருத்தன்கூட ஒத்துக்கிட்டதில்ல. மனுசன்னா அப்படித்தானே இருப்பான்!"

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அப்பா போன பிறகு தையல்காரன் தோளில் சுமந்து வளர்த்த தம்பி. மத்தியானம் அம்மா போனில் சொன்னதும் அவனைப் பற்றித்தான்: "உனக்கு வேலைன்னா அவனும் சோறு தண்ணி மறந்துடுவான். சேர்ந்தே வந்து சேருங்க."

மாலை மங்கும்போது சீட்டைக் கொக்கி போட்டு இறுக்குகிற வேலை மட்டும் பாக்கி. தம்பி வண்டிக்குள் பின்பக்கம் குப்புறப் படுத்து, சுத்தியலால் கொக்கிகளைத் தட்டி உட்கார்த்திக்கொண்டிருந்தான். டொக், டொக் என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. கிழவர் டீ குடிக்கப் போய்விட்டார். காற்றில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. தையல்காரன் ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

கேட்டைப் பூட்டுமுன் வாசலிலிருந்து காவலர் கத்தினார்: "வண்டி காலியா?"

தம்பியைச் சிரிக்க வைக்கலாமே என்று, கிழவரின் குரலைப் போலவே பல்லைக் கடித்துக்கொண்டு தையல்காரன் கத்தினான்: "காலி!"

டொக் சத்தம் நின்றது.

தம்பியிடமிருந்து சிரிப்பு வரவில்லை. "டேய்," என்றான். கதவைத் திறந்தான். சீட்டின் மேல் சுத்தியல் கிடந்தது. கீழே தம்பியின் செருப்புகள். சீட்டைத் தூக்கிப் பார்த்தான். வெறும் தகரம்.

விளையாடுகிறான் என்று நினைத்துக் கதவைச் சாத்தினான்.

கண்ணாடிக்குப் பின்னால் தம்பி இருந்தான்.

இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தான். வாய் 'அண்ணே, அண்ணே' என்று திறந்து திறந்து மூடியது. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. தையல்காரன் கதவைப் பிடுங்கித் திறந்தான். யாருமில்லை. சாத்தினான். இருந்தான். இந்த முறை அவனுக்கு இரண்டு பக்கமும் தோள்கள் தெரிந்தன. ஒடுங்கிய, கறுத்த தோள்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு.

திறந்தான். ஒரு முழங்காலைச் சீட்டில் ஊன்றி உள்ளே கைநீட்டித் துழாவினான். ஸ்பிரிங்குகள் முனகின. அவன் தைத்த சீட்டில் பள்ளங்கள் மெல்ல நகர்ந்தன. ஒன்றோடொன்று நெருங்கின. ஓரத்தில் ஓர் இடம் காலியானது.

அவன் அளவுக்கு.

காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள். சூடாக.

பின்னால் பாய்ந்து இறங்கினான். கதவைச் சாத்தினான். தம்பியின் விரல் நசுங்கிவிடக் கூடாதே என்று மெதுவாகத்தான் சாத்தினான். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தான்.

"கொட்டகைக்குக் காவலா இருக்கான்," என்று அம்மாவிடம் சொன்னான். அம்மா நம்பினாள். அவள் போட்ட சோற்றையும் சாப்பிட்டான்.

காலையில் பேண்டு வாத்தியம் முழங்கியது. சாலையின் இரண்டு பக்கமும் கூட்டம். கறுப்பு வண்டி வெயிலில் பளபளவென்று வாசலுக்கு வந்து நின்றது. கிழவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். சின்ன மகனுக்கு டிபன் கட்டி எடுத்துக்கொண்டு அம்மாவும் வந்துவிட்டாள்.

"தம்பி எங்கடா?"

அவன் பதில் சொல்வதற்குள் காவலர் கத்தினார்: "வண்டி காலியா?"

கிழவர் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார். "சீட்டைக் கடைசியாத் தொட்டவன் நீதானே? நீயே சொல்லிடு."

பின் கண்ணாடியில் தம்பி. அடித்து அடித்து ஓய்ந்து, நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்திருந்தான். அண்ணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கூட்டத்தில் தொலைந்து அழுத வயதில், அண்ணன் வருவதைப் பார்த்ததும் இப்படித்தான் மலரும். அவன் கண்கள் அண்ணனின் உதட்டையே பார்த்தன.

அந்தத் தோள்களுக்கு அப்பால், ஜன்னலோரம், ஓர் இடம் இன்னும் காலியாகவே இருந்தது.

ஒரே வார்த்தை. ஆள் இருக்கு என்று சொன்னால் போதும்.

"காலி," என்றான் தையல்காரன்.

தம்பியின் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை. சரியாகக் கேட்கவில்லையோ என்பது போலக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு இரண்டு பக்கத்துத் தோள்களும் அவனை நெருக்கின.

கேட் திறந்தது. வண்டி நகர்ந்தது. "என்ன அழகா தைச்சிருக்கே!" என்று அம்மா பூரித்துப்போய், போகிற வண்டியின் பின் கண்ணாடியைக் கையால் தடவிக் கொடுத்தாள். அவள் கை பட்ட இடத்தில், உள்ளேயிருந்து ஐந்து விரல்கள் வந்து ஒட்டிக்கொண்டன. கண்ணாடி மூச்சில் வெளுத்தது. அம்மா எல்லோரையும் போலக் கை தட்டினாள்.