ஐம்பத்துநான்கு என்று சொன்னவள்

விண்கப்பல்களோடு பேசும் தூத்துக்குடி குரற்கூடத்தின் வாசலில் ஜெசிந்தா நின்றாள். திரையில் குமிழிகள் எழும்பின. ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கு. அது வெடிப்பதற்குள் விடையைச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதில் பள்ளிக்கூட விளையாட்டு!

வேறு வழியில்லை. முகத்தையும் குரலையும் எவரும் போலி செய்துவிடும் காலம். அதனால் பத்து வயதில் ஆடிய குமிழியாட்டத்தின் பதிவையே அரசு ஆள் அடையாளமாக்கிவிட்டது. மனமுத்திரை என்று பெயர். விதிகளை யார் படித்தார்கள்? கணக்கைச் சரியாகப் போட்டால் கதவு திறக்கும் என்றே ஊர் நம்பியது.

அண்ணன் இஞ்ஞாசி போகும் விண்கப்பல் இன்று மாலை பேச்செல்லையைத் தாண்டுகிறது. அதன்பின் இந்த ஆயுளில் பேச்சில்லை. கிடைத்திருப்பது பத்தே நிமிடம், அதிலும் சோதனை நேரம் கழியும். போன முறை அவள் திக்கித் திணறியதில் நான்கு நிமிடம் பறிபோனது. அந்த ஆதங்கத்தில் ஒரு மாதமாக விழுந்து விழுந்து பழகியிருந்தாள்.

பழகும்போதெல்லாம் பள்ளிக் கணினி அறைதான் நினைவுக்கு வந்தது. ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி. ஏழெட்டு எவ்வளவு என்றால் அவள் ஐம்பத்துநான்கு என்பாள், அண்ணன் கிள்ளுவான். அவனுக்குக் கழித்தல் வராது, மேசைக்கடியில் கால்விரல்களை எண்ணுவான். எத்தனை நல்ல நாள்கள் அவை!

இப்போது விடைகள் மளமளவென்று வந்தன. ஏழெட்டு? ஐம்பத்தாறு! நாற்பதே விநாடியில் முடித்துவிட்டாள்.

கதவு திறக்கவில்லை. 'நீங்கள் ஜெசிந்தா அல்ல' என்றது திரை.

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பிச்சையா ஓடி வந்தான். "என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க? அது விடையைப் பாக்காது. எங்க தடுமாறுதீங்க, என்ன தப்பு சொல்லுதீங்கன்னுதான் பாக்கும்."

"அப்போ இன்னொருக்கா போடு தம்பி. தப்பாவே சொல்லுதேன்."

ஏழெட்டு வந்தது. ஐம்பத்துநான்கு என்றாள். 'தெரிந்தே சொன்ன தவறு' என்றது திரை.

"நான் வாசல்லதான் நிக்கேன்னு அண்ணன்கிட்டயாவது சொல்லுப்பா."

"ஆள் உறுதியாகாம ஒரு சொல்லு போகாதுக்கா." பிச்சையா கப்பல் பக்கத்துப் பதிவைத் திறந்து படித்தான். "அண்ணனுக்கும் இதே ஆட்டந்தான், அங்கயும் கதவு திறக்கலை. ஒரு மாசமா தினமும் ஆடிப் பழகியிருக்காரு. ஒரு கழித்தல்கூட தப்பலை."

திரையில் ஏழு நிமிடம் மிச்சம் இருந்தது. ஜெசிந்தாவுக்கு அழுகையும் பெருமையும் சேர்ந்து வந்தன.

"பாவி, உன்னை யாரு படிக்கச் சொன்னா?" என்று மூடிய கதவைத் திட்டினாள்.