நான்காம் குளிர் அறையின் பதில்

மத்தியான வெயிலில்தான் அந்த ஃபக்டரிக்குப் போய்ச் சேர்ந்தேன். சிலாவத்துறைக்குக் கொஞ்சம் முன்னால், கடலைப் பார்த்தபடி நிற்கிற பழைய நண்டு ஃபக்டரி. கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. ஸ்கூட்டியை நிறுத்த முதலே மணம் வந்துவிட்டது. அவித்த நண்டு, குளோரின், அதற்கு அடியில் எங்கேயோ கசிகிற அமோனியா.

"எஞ்சினியர் எங்க?" என்று கேட்டான் வாசல் காவலாளி.

"நான்தான்."

அவன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். வேறு யாரும் வரவில்லை என்று உறுதியான பிறகுதான் கேற்றைத் திறந்தான்.

இது எனக்குப் பழகிய விஷயம். உயிலங்குளத்தில் எங்கள் ஒழுங்கையிலிருந்து கம்பஸ் போன முதல் ஆள் நான். அப்பா அடுத்தவன் வயலில் கூலிக்கு நெல் அருவி வெட்டினவர். கொழும்பில் உள்ள ஒரு கம்பனி என்னைத் தற்காலிகமாக எடுத்திருந்தது. இந்த வேலை முடிந்து, எல்லாம் சரி என்ற பத்திரத்தில் ஃபக்டரி மனேஜரும் நானும் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். இல்லாவிட்டால் வீடு.

மனேஜர் றொபேட் ஏசி அறையில் இருந்தார். "வாங்கோ தங்கச்சி, இருங்கோ. முதலாளி கொழும்பில இருந்து பின்னேரம் பார்ப்பார். அதுக்குள்ள முடியுமோ?"

"முடியும். மிஸ் எண்டு கூப்பிடுங்கோ."

அவர் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை.

வேலை இதுதான். குளிர் அறைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய கொன்ட்ரோலர் இருந்தது. குளிரைக் கூட்டவும் குறைக்கவும் கதவைப் பூட்டவும் அதுதான். எல்லாவற்றையும் ஒரே ஒரு சாம்பல் நிற வயர் இணைத்தது. அந்தக் காலத்துச் சாமான்கள் ஈதர்நெட்டைக் கண்டதில்லை. இரண்டு பாஷையும் தெரிந்த ஒரு சின்னப் பெட்டியை நடுவில் பூட்டி, பழையதைப் புது நெட்வேர்க்கோடு பேசவைக்க வேண்டும். பிறகு முதலாளி கொழும்பில் தேத்தண்ணி குடித்தபடி இங்கே கதவைப் பூட்டலாம்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பழைய கொன்ட்ரோலர் தானாகப் பேசாது. அதன் இலக்கத்தைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் பதில் சொல்லும். கூப்பிடாவிட்டால் வருடக்கணக்காக வாய் திறக்காமல் இருக்கும்.

பெட்டியைப் பூட்டி, லப்டொப்பை ஒரு வயரால் அதோடு இணைத்து, இலக்கங்களைக் கூப்பிட்டேன். ஒன்று, பதில். இரண்டு, பதில். மூன்று, பதில். மூன்று அறைதான் இருக்கிறது என்று றொபேட் சொல்லியிருந்தார்.

நான்கும் பதில் சொன்னது.

திரையில் அதன் வரிசையில் ஒரே ஒரு சிவப்பு வெளிச்சம் எரிந்தது. 'உள்ளே ஆள்.' அறைக்குள் சிக்கியவர் அழுத்துகிற அவசர பட்டனின் வெளிச்சம் அது.

"ஜுனைட் நானா, நாலாம் கொன்ட்ரோலர் எங்க இருக்கு?"

ஃபக்டரி எலக்ட்ரீஷியன் ஜுனைட் ஏணியில் நின்றபடியே என்னைப் பார்த்தார். ஏணியிலிருந்து இறங்கினார். கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார்.

"நாலு இல்லை மிஸ்."

"பதில் சொல்லுது."

"அது சொல்லாது."

அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். நடைபாதையின் கடைசியில், இரண்டாம் அறைக்கு எதிரே, பலகை அடித்து மறித்த ஒரு கதவு. பக்கத்துச் சுவரில் தகரப் பெட்டி. மூடியைத் திறந்து காட்டினார்.

உள்ளே ஒன்றுமில்லை. கொன்ட்ரோலரைக் கழற்றிய இடத்தில் ஆணித் துவாரங்கள். சாம்பல் வயரின் இரண்டு முனைகள் காற்றில் தொங்கின, செம்பு பச்சை பிடித்திருந்தது.

எதிலும் படாமல்.

"இதுக்குள்ள ஆர் செத்தது?" என்று கேட்டேன். என் வாய் அப்படித்தான். சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாது.

"வேணுஜா," என்றார் ஜுனைட். "இந்தியாவில அகதி முகாமில பிறந்த பிள்ளை. இங்க வந்து வேலைக்குச் சேர்ந்தது. நண்டு அடுக்கிறதில அவவை மிஞ்ச ஆளில்லை."

பிறகு அந்த ஃபக்டரியின் வழக்கத்தைச் சொன்னார். கதவைச் சாத்த முதல், சாத்துகிற ஆள் தலையை உள்ளே நீட்டி "உள்ளுக்கு ஆர்?" என்று கத்த வேண்டும். உள்ளே நிற்கிற ஆள் "ஓம்" என்று பதில் கத்த வேண்டும். பதில் வராவிட்டால்தான் கதவு சாத்தப்படும். யாரும் எழுதிப் போட்ட சட்டமில்லை. வேலை செய்கிறவர்கள் தாங்களாகவே வைத்துக்கொண்டது.

"ஒருக்கா எங்களோட வேலை செய்யிற டிலோஜன் உள்ளுக்க நிண்டுகொண்டு 'ஒருத்தரும் இல்லை' எண்டு கத்தினவன்," என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அண்டைக்கு முழுக்கச் சிரிச்சம். வேணுஜாவும் சிரிச்சவ."

"அவ செத்த நாள் ஆர் கூப்பிட்டுப் பாத்தது?"

"ஆரும் கூப்பிடேல்லை. நண்டு வாங்கிற ஆக்கள் வருகினம் எண்டு மனேஜர் அவசரத்தில தானே வந்து சாத்திப்போட்டுப் போனவர். அவருக்கெங்க இந்தப் பழக்கம்? பிள்ளை பட்டனை அமத்தியிருக்கு. மணி அடிக்கேல்லை."

"ஏன்?"

"பனி பிடிச்சால் மணி சும்மா அடிக்கும். தொந்தரவு எண்டு பட்டனில இருந்து வாற வயரையே வெட்டச் சொன்னவர். எல்லா அறையிலயும் வெட்டினது." அவர் தன் கைகளைப் பார்த்தார். "வேலை நேரத்தில நித்திரை கொண்டிட்டா எண்டு எழுதி முடிச்சினம்."

நித்திரை. உறைகிற குளிரில், நின்று வேலை செய்கிற ஒரு பெண், நித்திரை! ஏழைப் பெண் செத்தால் அவளிடமே ஒரு பிழையைக் கண்டுபிடிக்க இந்த உலகத்துக்கு அரை மணித்தியாலம் போதும்.

திரும்பி வந்து நாலாம் இலக்கத்தை றொபேட்டுக்குக் காட்டினேன். அவர் முகம் ஒரு கணம் சாம்பலாகி, பிறகு பழையபடி வந்தது.

"வயர்க் கோளாறு."

"வயர் ஒண்டிலயும் தொடுக்கேல்லை."

"அப்ப உங்கட கொம்பியூட்டர் கோளாறு. அந்த வரியை மறைச்சு விடுங்கோ. முதலாளிக்குச் சிவப்பு தெரியக்கூடாது. எல்லாம் பச்சையாக இருக்கவேணும்."

"மறைக்கிறதுக்குப் படிக்கேல்லை நான்."

"சம்பளத்துக்குத்தானே படிச்சனீங்கள்?" என்றார் மெதுவாக.

எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. ஆனால் இருந்தேன். வயல் வேலையில் தேய்ந்த அப்பாவின் முழங்கால் நினைவுக்கு வந்தது, அதனால் இருந்தேன்.

பின்னேரம் முதலாளி திரையில் வந்தார். கதவுகளைப் பூட்டிக் காட்டச் சொன்னார். மோட்டார் போட்ட புதுச் சறுக்குக் கதவுகள். கொழும்பில் அவர் விரல் வைத்தால் இங்கே கதவு நகரும். கத்துவதற்குக் கதவடியில் ஆளில்லை, கத்தவும் தேவையில்லை.

"உள்ளுக்கு ஆக்கள் இருக்கினமோ எண்டு பாத்தனீங்களோ?" என்று றொபேட்டைக் கேட்டேன்.

"எல்லாரும் தேத்தண்ணிக்குப் போயிட்டினம்."

முதலாம் கதவு சாத்திக்கொண்டது. இரண்டாம் கதவு சாத்திக்கொண்டது, பிறகு மூன்றாவதும். முதலாளி கை தட்டினார். பிறகு இருபது நிமிடமாகக் குளிர்க் கணக்குகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் கரண்ட் போனது.

முதலாளி திரையிலிருந்து மறைந்தார். ஏசி நின்றது. கூரைக்கு மேலே காற்று தகரத்தைப் பிடித்து ஆட்டியது. என் லப்டொப் மட்டும் பற்றரியில் ஓடியது. பெட்டி செத்துவிட்டது. நெட்வேர்க் செத்துவிட்டது. எல்லா வரியும் கறுத்துப் போனது.

நாலைத் தவிர.

'உள்ளே ஆள்.'

வெளிச்சம் அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது. யாரோ பட்டனை விட்டு விட்டு அழுத்துகிற மாதிரி.

"மறையுங்கோ அதை," என்றார் றொபேட். அவர் குரல் கிசுகிசுத்தது. "கரண்ட் வர முதல் மறையுங்கோ."

விரலை விசையின் மேல் வைத்தேன். வைத்தேன் என்பது உண்மை. பிறகு எழுந்து ஓடினேன்.

நடைபாதையில் வெளிச்சமே இல்லை. வெளியே வெயில் கொளுத்துகிறது, இங்கே ஃபோனின் டோர்ச் இல்லாமல் கை தெரியாது. குளிர் காலடியில் புகைபோல ஊர்ந்தது. ஜுனைட் எனக்குப் பின்னால் ஓடி வந்தார். நாலாம் கதவின் முன்னால் நின்றோம். பலகைக்குப் பின்னாலிருந்து சத்தம்.

டொக்.

டொக்.

"கூப்பிடுங்கோ நானா," என்றேன்.

"ஏலாது மிஸ்." அவர் அழுதுகொண்டிருந்தார்.

நான் கத்தினேன். "உள்ளுக்கு ஆர்?"

தட்டுகிற சத்தம் நின்றது.

"ஓம்."

பெண் குரல். ஆனால் அது நாலாம் கதவிலிருந்து வரவில்லை. என் முதுகுக்குப் பின்னாலிருந்து, இரண்டாம் அறையின் பக்கமிருந்து வந்தது. என் பிடரியில் மூச்சுப் பட்டது. குளிர்ந்த மூச்சு.

திரும்பினேன். யாருமில்லை. இரண்டாம் அறையின் கதவு மட்டும்.

"திறவுங்கோ!"

ஜுனைட் சுவரோரம் கிடந்த இரும்புக் கம்பியை இடுக்கில் கொடுத்து நெம்பினார். கதவு கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. வெள்ளைப் புகையோடு ஒரு பெண் எங்கள் கால்களில் விழுந்தாள். ஸஜானா. நண்டு கழுவுகிற பிள்ளை என்றார் ஜுனைட். மறந்துபோன கூடையை எடுக்க உள்ளே போனவளாம். உதடு நீலம். இமைகளில் பனி. அவள் விரல் நகங்களில் இரத்தம்.

சாக்குகளால் சுற்றி, வெயிலில் தூக்கிக்கொண்டு போய் இருத்தினோம். கொஞ்சம் சூடு ஏறிய பிறகு பேசினாள்.

"பட்டனை அமத்தினன் மிஸ். அமத்தி அமத்திப் பாத்தன். பிறகு கண் சொருகிச்சு. அந்த அக்கா விடேல்லை."

"எந்த அக்கா?"

"உள்ளுக்க நிண்ட அக்கா. ஸஜானா, நித்திரை கொள்ளாதை, ஓம் சொல்லு, ஓம் சொல்லு எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவ." அவள் என்னைப் பார்த்தாள். "அவவும் வெளியில வந்தவவோ?"

ஜுனைட் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

றொபேட் வந்து பார்த்தார். "உயிருக்கு ஒண்டும் இல்லைத்தானே," என்றார். "இதைப் பெரிசாக்க வேண்டாம். கையெழுத்தைப் போடுவம்."

போடவில்லை. மணி வயர்களைப் பூட்டும்வரை, ஆள் நின்று கத்தாமல் கதவு சாத்துவதை நிறுத்தும்வரை போடமாட்டேன் என்றேன். அவர் முகத்துக்கு நேரே, எல்லா வேலைக்காரரும் பார்க்கச் சொன்னேன். நாலாம் அறையைத் திறக்கவும் சொன்னேன். வீட்டுக்கு வந்து சேர முதலே கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. நாளையிலிருந்து வரத் தேவையில்லையாம்.

இப்போது உயிலங்குளத்தில் இருக்கிறேன். அப்பா ஒருமுறை, "கையெழுத்துத்தானே பிள்ளை," என்றார். என் இடத்துக்கு வந்த பொடியன் கையெழுத்துப் போட்டானாம்.

ஜுனைட் எனக்கு ஃபோன் எடுத்துச் சொன்னார். ஆட்கள் வேலைக்குப் போக மறுத்ததால் மணி வயர்களைப் பூட்டிவிட்டார்களாம். கத்துகிற வழக்கமும் திரும்பி வந்ததாம்.

"நாலாம் அறை நானா?"

"திறக்கேல்லை மிஸ். கதவைச் சுத்தி வெல்டிங் அடிச்சுப்போட்டினம். இனி ஆரும் திறக்கேலாது."

நேற்று மத்தியானம் லப்டொப்பைத் திறந்தேன், வேலைக்கு விண்ணப்பம் எழுத. ஃபக்டரியில் பெட்டியோடு இணைத்த வயர் இன்னும் அதன் பக்கத்தில் செருகியிருந்தது. மறுமுனை எங்கள் சீமெந்து நிலத்தில், ஒன்றிலும் படாமல் கிடந்தது. ஒன்றைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இரண்டும் மூன்றும் இல்லை.

நாலை மட்டும் கூப்பிடவில்லை. பயமாக இருந்தது. கூப்பிட்டு, பதில் வந்து, அதற்குப் பிறகு நான் என்ன செய்வேன்? வெல்டிங் அடித்த கதவை யார் திறப்பது?

லப்டொப்பை மூடப் போனேன்.

வெயில் முற்றத்தில் வெள்ளையாக எரிந்தது. லப்டொப்போடு ஒட்டியிருந்த என் முழங்கை மட்டும் குளிர்ந்தது. நண்டின் மணம் வந்தது.

திரையில் நாலின் வரிசையில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது.

நான் கூப்பிடவே இல்லை.