மஞ்சள் முனை

டிஸ்க் போடுவதற்கு முன்பே டி.வி.யில் படம் வந்துவிட்டது.

மாரிக்கண்ணன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டாசுக் கம்பெனி போர்மேனுக்கு வெடிமருந்துக் கலவை அத்துப்படி; வயர் விஷயத்தில் அவன் பூஜ்யம். முதலாளி வீட்டுப் பையன் புதுசு வாங்கிக்கொண்டதால் பழைய கேம் பெட்டியையும் ஒரு பை நிறைய வயரையும் இவன் தலையில் கட்டியிருந்தார்கள். காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்த மகள் ஓவியாவோ காலையிலிருந்து அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். மனைவி பாண்டிச்செல்வி விசேஷ வீட்டுக்கென்று தாயில்பட்டி போயிருந்தாள். தினமும் சாயங்காலம் கரண்டு வேறு போய்விடுகிறது. அதற்குள் பிள்ளை ஒரு ஆட்டமாவது ஆடிவிட வேண்டும் என்பதுதான் அவன் கவலை.

பையில் முதலில் கைக்குக் கிடைத்த வயருக்கு அஞ்சு முனை. பச்சை, நீலம், வெள்ளை, இரண்டு சிவப்பு. டி.வி.யின் முதுகிலோ மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டே ஓட்டை. ஏதாவது ஒன்று வேலை செய்யாமலா போகும் என்று பச்சையை மஞ்சள் ஓட்டையில் சொருகினான். படம் வந்தது. கறுப்பு வெள்ளையில்.

"அப்பா, இது நம்ம வீடுப்பா" என்றாள் ஓவியா.

அவன் எட்டிப் பார்த்தான். உண்மைதான். அதே சிமெண்ட் ஷீட் கூரை, அதே சுவர். அவர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் ஒரு காலத்தில் மருந்து ரூமாக இருந்தது. மருந்து ரூம் என்றால் நாலு பக்கமும் கதவு இருக்கும். உள்ளே ஒரு பொறி விழுந்தால் இருக்கிற ஆள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பாய்ந்து ஓட முடிய வேண்டும், அதற்காக. கம்பெனியில் எவனாவது ஒரு அட்டைப்பெட்டியைக் கதவோரம் வைத்துவிட்டால் மாரிக்கண்ணன் அதைக் காலால் எத்திவிட்டு வைத்தவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டில் ஒரு கதவை மறித்து பீரோவை நிறுத்தியிருந்தான். இன்னொன்றில் தையல் மெஷினும் அரிசி மூட்டையும். பிளக் பாயிண்ட் அங்கேதான் இருக்கிறது என்று நாலாவது கதவை ஒட்டி டி.வி. ஸ்டாண்டைப் போட்டிருந்தான். மூன்றாவதுதான் புழங்குகிற கதவு. சாரல் அடிக்கிறதென்று இன்றைக்கு அதையும் தாழ் போட்டிருந்தான்.

"ஏலே மாரி, மத்தது எப்படியோ போகட்டும். அந்த டி.விப் பொட்டிய மட்டும் வேற பக்கம் தள்ளிப் போடுலே" என்று வாட்ச்மேன் நாகையா குடிவந்த அன்றைக்கே சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு வெற்றிலையைத் துப்பிவிட்டு வாசல் கேட் பக்கம் போய்விட்டார். இந்த ரூமில் வேலையை ஏன் நிறுத்தினார்கள் என்று முதலாளியிடம் கேட்டபோது, "லைசென்ஸ் மாறிப்போச்சுப்பா" என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

படத்தில் கட்டில் இல்லை, பீரோ இல்லை. வெறும் தரையில் ஏழெட்டுப் பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சல்லடையில் மருந்து சலித்துக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாமல் கைகள் மட்டும் முன்னும் பின்னும் போய்வந்தன. அவர்களுக்குப் பின்னால், பீரோ இருக்க வேண்டிய கதவை மறித்துப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மூட்டை இருக்க வேண்டிய கதவிலும் அப்படியே. மூன்றாவது கதவும் அடைத்தே கிடந்தது.

'எந்த மடப்பய இப்படி அடுக்குனான்' என்று வாய்வரை வந்துவிட்டது. அடுத்த நொடி அவனுக்கு உடம்பு கூசியது.

ஓட்டை லொடலொடவென்று இருந்தது. கையை எடுத்ததும் முனை நழுவிப் படம் போனது. அழுத்தினான், வந்தது. அந்த ஆட்களுக்கு நடுவே இப்போது ஒரு பூனைக்குட்டி நடந்துகொண்டிருந்தது.

"நம்ம குட்டி உள்ள போயிருச்சுப்பா!" ஓவியா சிரித்தாள்.

"அது வேற குட்டி, தாயி."

கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தான். மதியத்திலிருந்து அங்கே சுருண்டு கிடந்த குட்டியைக் காணவில்லை. பால் தட்டு இருந்தது. எல்லாக் கதவும் அடைத்த வீட்டில் அது எங்கே போகும்? வயர் தப்பு, அதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தப்பான வயரைப் போட்டால் தப்பான படம்தான் வரும். சரியானதைப் போட்டால் சரியாகிவிடும். பையைத் தரையில் கொட்டிக் கிளறினான். மூன்று முனை வயர் ஒன்று அடியில் கிடந்தது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு.

"கலர் வருமாப்பா?"

"வரும் தாயி. இந்தா, இப்ப வந்துரும்."

கூரை ஷீட்டில் மழை சரளைக் கல்லைக் கொட்டுவதுபோல் கொட்டிக்கொண்டிருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசத்துக்குள் எங்கிருந்தோ கந்தக நெடி ஏறியது, இத்தனைக்கும் தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டிக் கிடக்கிறது. பச்சை முனையைப் பிடுங்கினான். திரை இருண்டது.

"அப்பா, எனக்கு முதல்ல கார் ரே..."

பேச்சு பாதியில் நின்றது. மஞ்சள் முனையை அவன் அப்போதுதான் சொருகிக்கொண்டிருந்தான்.

கலர் வந்தது. பளிச்சென்று வந்தது. அந்த ஆட்களின் கைகள் முழங்கை வரை வெள்ளியாக மின்னின. அலுமினியப் பவுடர். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஷீட்டின் இடுக்குகளில் தெரிந்த வெளிச்சத்தை அவன் வெயில் என்று நினைத்திருந்தான். அது ஆரஞ்சாக இருந்தது. ஆடியது.

அவர்கள் நடுவில் ஒரு கட்டில். கட்டிலில் மஞ்சள் கவுன். மாவுக்கட்டு.

கண்ணாடியில் தெரிகிற மாதிரி இந்த அறைதான் தெரிகிறது என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அதில் தன்னைத் தேடினான். இல்லை.

திரும்பினான். கட்டில் காலி. காலுக்கு அணையாக வைத்த தலையணையில் பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது.

"ஓவியா!"

விரல் தளர்ந்தது. திரை இருண்டது. பதறிப்போய் அழுத்தினான். வந்தாள். வாய் திறந்து அழுதுகொண்டிருந்தாள். சத்தம் இல்லை. இடது கையால் வெள்ளை முனையைத் தடவி எடுத்துச் சொருகினான்.

சத்தம் டி.வி.யிலிருந்து வரவில்லை. டி.வி.க்குப் பின்னாலிருந்து வந்தது. அந்த நாலாவது கதவிலிருந்து. பல கைகள் ஒன்றாக அதை அறைந்தன.

"அண்ணே, தொறங்கண்ணே! இங்கன புகையா வருதுண்ணே!"

நடுவே ஒரு சின்னக் குரல். "அப்பா!"

கதவைத் திறக்க வேண்டும். திறக்க ஸ்டாண்டை நகர்த்த வேண்டும். நகர்த்த இரண்டு கை வேண்டும். ஒரு கையை எடுத்தால் முனை நழுவும். நழுவினால் பிள்ளை இல்லை. தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தான். ஸ்டாண்டு விரற்கடை அசைந்தது. படம் துடித்தது, ஓவியா பாதி மறைந்து திரும்பினாள். அப்படியே நின்றுவிட்டான்.

"நாகையாண்ணே! யாராச்சும் வாங்களேன்!"

மழை. மழை மட்டும்தான்.

உள்ளே இருந்தவர்கள் கதவை அறைவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். எல்லோரும். கோபமில்லை. கதவை மறித்தவன் யார் என்று தெரிந்துகொண்ட பார்வை.

தலைக்கு மேலே குண்டு பல்பு ஒருமுறை மங்கியது.

"வேண்டாம்" என்றான். "சாமி, வேண்டாம். இன்னைக்கு மட்டும் வேண்டாம்."

பல்பு அணைந்தது. மின்விசிறி முனகிக்கொண்டே நின்றது. கரண்டு போய்விட்டது.

டி.வி. அணையவில்லை.

அந்த ஆரஞ்சு வெளிச்சத்தில் தன் கட்டைவிரலைப் பார்த்தான். நகக்கண்ணில் தொடங்கி மணிக்கட்டு வரை வெள்ளி. அதற்குள் ஓவியா கட்டிலைவிட்டு இறங்கி, மாவுக்கட்டுக் காலை இழுத்து இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் கதவிடுக்குகள் வெள்ளையாக எரிந்தன. உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்தாள். அவன் கன்னத்தை அதன்மேல் வைத்தான்.

"கைய எடுத்துராதீகப்பா."

"எடுக்க மாட்டேன் தாயி. எடுக்கவே மாட்டேன்."

கன்னத்துக்குக் கீழே கண்ணாடி சுடத் தொடங்கியது.