முதல் இருபது தோட்டா

காலை 10.20. துப்பாக்கி சுடும் தேர்வுப் போட்டி முடிந்திருந்தது. இல்கா சுட்ட அறுபதில் பத்தொன்பது, பத்துப் புள்ளி வளையத்துக்கு வெளியே சிதறியிருந்தன. ஜெர்மன் அணியில் ஒரே ஓர் இடம். அது போய்விட்டது.

"பேரல் தேஞ்சு போச்சு கண்ணு. அதான் காலையிலேயே இருபது தோட்டா சும்மா சுட்டுட்டு ஆரம்பின்னு சொன்னேன்," என்றார் பயிற்சியாளர் ஆன்ஸ்கார். பன்னிரண்டு வருடமாக அவளுடைய விறைத்த ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டிவிடுபவர் அவர்தான்.

10.50. பக்கத்துத் தோட்டாச் சோதனைக் கூடம். இல்காவோடு பயிற்சியாளரும் மற்ற போட்டியாளர்களும் வந்திருந்தார்கள். ஒரே ஆலைத் தோட்டாவானாலும் தொகுதிக்குத் தொகுதி குணம் வேறு. எது எந்தக் குழலுக்கு ஒத்துப்போகும் என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். பிப்ரவரியில் இருபத்திரண்டு தொகுதிகளைச் சோதித்து இல்காவுக்கு 418-ஆம் தொகுதியைத் தேர்ந்தெடுத்தவள் கூடத்துச் சோதனையாளர் வால்புர்கா. வாயில் தேன் தடவாத, தென் ஜெர்மனியின் ஸ்வாபியக்காரி.

இல்காவின் துப்பாக்கிக் குழலை இடுக்கியில் இறுக்கினாள். இல்காவின் பெட்டியிலிருந்து பத்து சுட்டாள். சிதறல் இருபத்தாறு மில்லிமீட்டர். பிறகு கூடத்தில் பிரிக்காமல் இருந்த 418-ஐ எடுத்தாள். இருபதை வெறுமனே சுட்டுத் தள்ளிவிட்டு, அடுத்த பத்தை அளந்தாள். பதின்மூன்று.

"பேரலும் நல்லாருக்கு, உன் கையும் நல்லாருக்கு. பெட்டி மேலதான் 418. உள்ள இருக்கறதை யாரோ மாத்திட்டாங்க. லாக்கர் சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு, கோச்கிட்ட ஒண்ணு. நானும் டோர்டேயும் ஒரே ரூம்."

டோர்டே, ஆன்ஸ்காரின் மகள். அந்த இடத்தை இன்று வென்றவள். எல்லார் கண்ணும் அவள்மேல் திரும்பியது.

"சத்தியமா நான் தொடல!"

"பின்ன நானேவா மாத்திக்கிட்டேன்?" இல்கா கத்தினாள்.

"கொஞ்சம் சும்மா இரு," என்றாள் வால்புர்கா. "தினமும் எத்தனை சும்மா சுடுவ?"

"அஞ்சு. இன்னிக்குத்தான் கோச் இருபதுன்னாரு."

"இன்னிக்கு மட்டும் ஏன் இருபது, ஆன்ஸ்கார்?"

அவர் இல்காவின் தோட்டாப் பெட்டியை மூடினார்.

"தொகுதியை மாத்தினா, புதுத் தோட்டாவோட மெழுகு பேரல்ல படியற வரைக்கும் இருபது சுடணும். இப்ப நானும் அதான் செஞ்சேன். பிப்ரவரியிலேருந்து 418 மட்டுமே சுடுறவளுக்கு எதுக்கய்யா இருபது? மாத்தினவனுக்குத்தான் அது தோணும். தவளை தன் வாயாலதான் கெடும்."

ஆன்ஸ்கார் இல்காவைப் பார்த்தார். "கொஞ்சம் குறைஞ்சாப் போதும்னு நெனச்சேன். ரொம்பச் சிதறினா நீ உடைஞ்சு போயிடுவியேன்னுதான் இருபது சுடச் சொன்னேன்..."

அடப்பாவி! முதுகில் குத்திவிட்டு மருந்தும் தடவியிருக்கிறார்.

டோர்டே தன் போட்டி எண் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "எனக்குச் சுட வராதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களாப்பா?"



பிற்பகல் 3.00. நடுவர்கள் மறுசுற்றுக்கு ஒப்புக்கொண்டார்கள். தோட்டா 418. வெளியே அனுப்பப்பட்ட ஆன்ஸ்கார் வாசலில் நின்றார். இல்கா ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்ததும், பழக்கதோஷத்தில் அவர் கை கொக்கியை நோக்கி நீண்டது.

"கை வெக்காதீங்க."

தானே மாட்டினாள். நாலாவது தடவைதான் மாட்டியது.