மூன்று மில்லிமீட்டர்

கொத்தனார் அய்யாத்துரை எங்கள் வீட்டுப் பின்பக்கத்துக்கு முதன்முதலாக வந்தது 2008ஆம் வருடம் சித்திரையில், பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்ட மறுநாள். கையில் நூல்கண்டு, இடுப்பில் டேப். நான் கட்டத்தாளில் வரைந்து வைத்திருந்த படத்தை இப்படியும் அப்படியும் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீச்சல் குளம்னா என்ன டீச்சரம்மா, பெரிய தொட்டிதான?"

"தொட்டிதான். ஆனா ஆள் இறங்குற தொட்டி."

"போடியிலருந்து கம்பம் வரைக்கும் எத்தனையோ தொட்டி கட்டியிருக்கேன். இதுவரைக்கும் பூனை ஒண்ணுதான் இறங்கியிருக்கு. அதுவும் பிரியப்பட்டு இறங்கல."

முந்தின ஐப்பசியில் வீரபாண்டி விலக்கில் ஒரு டிப்பர் லாரி என் ஸ்கூட்டரை உரசித் தள்ளியது. இடுப்பெலும்பில் தகடு வைத்தார்கள். தினமும் ஒரு மணி நேரம் மார்பளவுத் தண்ணீரில் நடந்தால் கால் பழைய நிலைக்குத் திரும்பும், இல்லாவிட்டால் ஐம்பது வயதில் கம்பு ஊன்ற வேண்டியிருக்கும் என்று மதுரை டாக்டர் சொன்னார். எனக்கு அப்போது நாற்பத்து நான்கு. தேனிப் பக்கம் ஒரு பெண் ஒரு மணி நேரம் தண்ணீரில் நிம்மதியாக நடக்க எங்கே இடம் இருக்கிறது? ஆற்றில் இறங்கினால் கரையில் இருக்கிற கண்கள் எல்லாம் கூடவே இறங்கும். பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் சும்மா கிடந்தது. பதினாறடி நீளம், பத்தடி அகலம், நாலடித் தண்ணீர். அது போதும் எனக்கு.

"தேனியில எவன் வீட்லயாச்சும் இது இருக்கா ஜோதி?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர் ஈஸ்வரபாண்டி.

"இல்ல. நம்ம வீட்ல இருக்கும்."

மாமனார் ராக்கப்பன் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிலும் நிமிர்ந்த முதுகு. நான் இடத்தைக் கை காட்டியதும் அவர் முதுகு லேசாக வளைந்ததைப் பார்த்தேன்.

"அங்கன வேணாம்த்தா."

"ஏன் மாமா?"

"வேணாம்னா வேணாம்."

இருபது வருடமாக எனக்கு அவர் சொன்ன பதில் இது ஒன்றுதான். வேலைக்குப் போவது வேண்டாம். ஸ்கூட்டர் வேண்டாம். இரண்டையும் செய்தேன். ஆகவே அய்யாத்துரையிடம், "அங்கனயே நூல் கட்டுங்க," என்றேன்.

ஜேசிபி ஐந்தடி தோண்டியதும் பல் கல்லில் உரசி நின்றது. மண்ணை வழித்துப் பார்த்தால் வட்டமாக அடுக்கிய கருங்கல். அதற்குள் வேறு நிறத்தில் மண். பாசி வாடை அடித்தது. அந்த வெயிலில், சொட்டு ஈரம் இல்லாத மண்ணில், பாசி.

"மூடுன கிணறு," என்றார் அய்யாத்துரை மெதுவாக. "வீட்ல பெரியவுககிட்டக் கேட்டுக்கிருங்க."

கேட்க வேண்டிய அவசியம் இல்லை. எந்தக் கிணறு என்று எனக்குத் தெரியும். மனைகளாகப் பிரித்து விற்பதற்கு முன்னால் இந்த இடம் முழுக்க மாமனாரின் தோட்டம். அவருடைய தங்கை பவுனு பதினேழு வயதில் தோட்டத்துக் கிணற்றில் செத்துப்போனாள். கல்யாணம் ஆகாமல் செத்த பெண் வீட்டுக்குத் தெய்வம். எங்கள் சாமி அறையில் ஓர் ஓலைப்பெட்டி இருக்கிறது. ஆடிக்கு ஆடி அதில் ஒரு புதுப் பாவாடை தாவணி வைத்துக் கும்பிடுவோம். கல்யாணமாகி வந்த முதல் வருடம் மாமியார் அந்தப் பெட்டியைக் காட்டி, "தண்ணி எடுக்கப் போயி வழுக்கி விழுந்துட்டாக. நம்ம வீட்டுக் கன்னி," என்றார். அதற்குமேல் யாரும் எதுவும் சொன்னதில்லை. பெயரைக்கூடச் சொல்வதில்லை; பெயரும் வயதும் எனக்குத் தெரிந்தது அக்கம்பக்கத்துப் பேச்சில்தான். கன்னி. அவ்வளவுதான்.

ஒருத்தியைத் தெய்வமாக்கிவிட்டால் அப்புறம் அவளைப் பற்றிக் கேள்வி கேட்க முடியாது. இது அந்தக் குழியின் விளிம்பில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

"கம்பி கொஞ்சம் கூடப் போட்டுக் கட்டுங்க," என்றேன் அய்யாத்துரையிடம். "அடியில மண்ணு எளகுன மண்ணு."

நான்கு வாரத்தில் கட்டி முடித்தார். பூச்சு வழவழவென்று, கை வைத்தால் வழுக்குகிற மாதிரி. சுற்றிலும் எட்டடி மதில். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் இல்லை.

"படி எங்க?"

"எந்தப் படி?"

"படத்துல போட்டிருந்தேனே. அஞ்சு கோடு."

அவர் தலையைச் சொறிந்தார். "அது தண்ணி மட்டம்னுல நெனச்சேன். தொட்டிக்கு எதுக்கு டீச்சரம்மா படி? ஏணியப் போட்டு இறங்குவோம், கழுவுவோம், ஏறி வந்துருவோம்."

சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. தண்ணீர் நிறுத்திக் கசிவு பார்த்த பிறகு படி கட்டலாம் என்று முடிவு செய்தோம். அதுவரை ஓர் அலுமினிய ஏணி.

போர் தண்ணீர் விட்டு நாலடிக்கு நிரப்பினோம். சுவர் அதற்கு மேலும் ஓரடி நின்றது. ஒரு வாரம் மட்டம் பார்க்க வேண்டும். எல்லோரும் கரிக்கோடு போடுவார்கள். நான் பள்ளி ஆய்வகத்துப் பழைய இரும்பு அளவுகோல் ஒன்றைத் தண்ணீர் மட்டத்தில் சுவரோடு ஒட்டவைத்தேன். இறங்குகிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள்.

மூன்றாம் நாள் உச்சிவேளையில் அது ஏறியது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளி திறந்ததும் நடத்த வேண்டிய பாடத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். காற்று இல்லை. தென்னங்கீற்று அசையவில்லை. தண்ணீர் ஒரு முறை தளும்பியது, யாரோ ஓசைப்படாமல் உள்ளே நழுவியது போல. தளும்பல் அடங்கிய பிறகு அளவுகோலைப் பார்த்தேன்.

மூன்று மில்லிமீட்டர்.

வெயிலில் தண்ணீர் விரியும், தெரியும். ஆனால் ஒரு நொடியில் விரியாது. சரியாக ஐம்பது நிமிடம் கழித்து மட்டம் பழையபடி இறங்காது.

குறிப்பு நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். குளத்தின் பரப்பு பதினைந்து சதுர மீட்டர். மூன்று மில்லிமீட்டர் உயர வேண்டுமென்றால் நாற்பத்தைந்து லிட்டர் தண்ணீர் விலக வேண்டும். நாற்பத்தைந்து லிட்டரை விலக்க நாற்பத்தைந்து கிலோ வேண்டும்.

ஒல்லியான பதினேழு வயதுப் பெண்.

மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும். ஐந்தாம் நாள் அய்யாத்துரை கசிவு பார்க்க வந்து குனிந்தவர், குனிந்தபடியே இருந்தார். தண்ணீருக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. கை வீசிக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம். சுவர்வரை போய்த் திரும்புகிறது. மறுபடி போகிறது. மேலே ஒரு சுழி மட்டும்.

"டீச்சரம்மா," என்றார் குரலைத் தாழ்த்தி. "யாரு உள்ள?"

நான் திரும்பி வீட்டைப் பார்த்தேன். அந்த வெக்கையிலும் மாமனாரின் அறைக் கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தன. மூன்று நாளாகவே உச்சிவேளையில் அவர் அப்படித்தான் இருக்கிறார் என்பது அப்போதுதான் புத்தியில் பட்டது.

அவருக்கு இந்தச் சத்தம் தெரியும்.

சாயங்காலம் ஈஸ்வரபாண்டி என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அப்பா பயப்படுறாக ஜோதி. மூடிருவோம். நாளன்னைக்கு மண்ணு ரெண்டு லோடு வரச் சொல்லிட்டேன்."

"ஏற்கெனவே ஒரு தடவ மூடித்தான வச்சிருந்தீக."

"ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?"

"எனக்கு ஏற்கெனவே ஆயிப்போச்சு. கால பாத்தீகள்ல."

அவர் எழுந்து போய்விட்டார். நான் ராத்திரி முழுக்க யோசித்தேன். பயமாக இல்லையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்று கிடந்தது. அவள் நீந்துகிறாள். யாரையும் அவள் எதுவும் செய்யவில்லை. உச்சிவேளையில் ஐம்பது நிமிடம் நீந்துகிறாள். நானும் அதைத்தானே கேட்டேன்?

மறுநாள் ஈஸ்வரபாண்டி போடிக்குக் கிளம்பிய பிறகு, பதினொன்றரைக்கு, சுடிதாரோடு ஏணியில் இறங்கினேன். வாழ்க்கையில் முதல்முறையாக மார்புவரை தண்ணீர். கால் கனக்கவில்லை. தகடு இருப்பதே தெரியவில்லை. நான்கு எட்டு வைத்தேன், அழுகை வந்தது. சிறுபிள்ளைத்தனமாக, முட்டியை மடித்துக் கழுத்துவரை அமுங்கி அளவுகோலைப் பார்த்தேன். நான்கு மில்லிமீட்டர். நான்.

தென்னை நிழல் அடிமரத்துக்குள் சுருங்கியது.

தண்ணீர் சில்லிட்டது.

பாசி வாடை. தாடையில் சின்ன அலை மோதியது. அளவுகோலில் கண் போனது.

ஏழு.

ஏறிவிட வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. நான் நகரவில்லை. "இரு," என்றேன். அவளிடமா என்னிடமா, தெரியாது. "ரெண்டு பேருக்கும் எடம் இருக்கு."

அப்போது சுவரில் உலோகம் உரசும் சத்தம்.

மாமனார் ஏணியை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா."

"கொளத்த மூடிக்கிறேன்னு சொல்லு. ஏணியப் போடுறேன்."

"போடுங்க மாமா."

"சொல்லுத்தா."

வெறுங்கையால் அந்த வழவழப்பில் ஏற முடியாது. அடியில் காலை உந்தி எழும்ப என் இடுப்பு விடாது. அவருக்கு அது தெரியும். ஏணியை மடியில் வைத்துக்கொண்டு விளிம்பில் குந்தி உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. என் உதடுகள் நடுங்க ஆரம்பித்தன. எட்டடி மதிலுக்கு அப்பால் கம்பம் ரோட்டில் பஸ் போகும் சத்தம் கேட்டது. சத்தம் போட்டால் யாராவது வருவார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

"கூப்பிடுத்தா," என்றார் அவர். குரல் மாறியிருந்தது. கண் என்னைப் பார்க்கவில்லை, என் பின்னால் எங்கேயோ பார்த்தது. "ஒரே ஒரு தடவ கூப்பிட்டுரு. வயசுக்கு வந்த பிள்ள ஆம்பளைக மாதிரி கெணத்துல குதிச்சு நீந்துறான்னு ஊரே சிரிச்சுச்சு. ரெண்டு அடி வாங்குனா. அப்பயும் கேக்கல. அவ ஏறி வர்ற கயித்த உருவிட்டு மரத்துக்குப் பின்னால நின்னேன். அண்ணேன்னு கூப்பிட்டா போட்டுருவோம்னு. சத்தியமா போட்டுருப்பேன். அவ கூப்பிடவே இல்ல. நீந்திக்கிட்டே இருந்தா. கைச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்பறம் கேக்கல."

வழுக்கி விழவில்லை. தெய்வமாகவும் ஆகவில்லை.

"நானும் கூப்பிட மாட்டேன் மாமா," என்றேன்.

தண்ணீருக்குள் என் நொண்டிக் காலின் பாதத்தில் ஏதோ பட்டது. உருண்டையாக, குளிர்ச்சியாக. எலும்பு துருத்திய ஒரு தோள். அது என் பாதத்தைத் தன்மேல் ஏற்றிவைத்துக்கொண்டது. மெல்ல நிமிர்ந்தது.

நான் எழும்பினேன். விளிம்பு நெஞ்சுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. ஈரத்தோடு தரையில் புரண்டு விழுந்தேன். மாமனார் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்தார். பிறகு ஏணியைப் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

மறுநாள் வந்த மண் லாரியை வாசலிலேயே நின்று திருப்பி அனுப்பினேன். ஈஸ்வரபாண்டியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் அப்பாவின் கதவைத் தட்டினார். உள்ளே இருந்து மறுப்பு எதுவும் வரவில்லை. அதன் பிறகு அவர் மூடுவதைப் பற்றிப் பேசவில்லை.

அய்யாத்துரை தண்ணீரை இறைத்துவிட்டு ஐந்து படி கட்டினார். தினமும் பதினொரு மணிக்கே கரண்டியைக் கழுவிக் கிளம்பிவிடுவார். கைப்பிடிக் கம்பி எந்த உயரத்தில் வேண்டும் என்று கேட்டார்.

"என் உயரத்துக்கு ஒண்ணு," என்றேன். "கொஞ்சம் தாழ்த்தி இன்னொண்ணு."

அவர் சுவரில் இரண்டு கோடு கிழித்தார்.

மறுபடி தண்ணீர் நிரப்பியது ஆடி முதல் வெள்ளி. அன்றைக்குப் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். ஓலைப்பெட்டியில் புதுப் பாவாடை தாவணி வைத்துவிட்டு, உச்சிவேளைக்கு முன்னால் குளத்தருகே வந்து உட்கார்ந்தேன். மட்டம் மூன்று மில்லிமீட்டர் ஏறியது. கைச் சத்தம் கேட்டது. ஆனால் ஐம்பது நிமிடம் ஆகவில்லை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மட்டம் இறங்கிவிட்டது.

முதல் படியில் தண்ணீர் சொட்டியிருந்தது. அடுத்த படியில். அடுத்த படியில்.

தாழ்ந்த கைப்பிடிக் கம்பி ஈரமாக இருந்தது.

சிமெண்ட் தரையில் பாதச் சுவடுகள். சின்னவை, குதிகால் ஒடுங்கியவை. பின்வாசல் வழியாகப் போயிருந்தன. அடுப்படியைத் தாண்டின. சாமி அறையில் பெட்டிக்கு முன்னால் எரிந்த விளக்கைத் தாண்டின. அங்கே நிற்கவே இல்லை. தாழ் போட்ட மாமனார் அறைக் கதவுவரை போயிருந்தன.

திரும்பி வந்த சுவடு ஒன்றும் இல்லை.

கதவில் காதை வைத்தேன். உள்ளே தண்ணீர் சொட்டும் சத்தம்.

"பவுனு," என்றார் மாமனார். நாற்பத்துச் சொச்ச வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயர். பிறகு இன்னொரு முறை, இன்னும் சத்தமாக. கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

பதில் இல்லை.

துடைக்கும் துணி அடுப்படிக் கொடியில் தொங்கியது. நான் அதை எடுக்கவில்லை. சுவடுகளை மிதிக்காமல் ஓரமாக நடந்து பின்பக்கம் வந்தேன். கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக, குளத்துக்குள் இறங்கினேன். முட்டியை மடித்துக் கழுத்துவரை அமுங்கினேன்.

அளவுகோல் நான்கு காட்டியது.

என்னுடைய நான்கு மட்டும்.