பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

1937, விஜயதசமி. காலை 8.50.

திருக்கனூர் உலகநாதன் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று வழியில் பெய்த மழையில் கிழிந்து தொங்கியது. டிரைவர் ஆரோக்கியம் இறங்கிப் பின்பக்கத்துக் கித்தான் திரையின் பொத்தான்களைக் கழற்றினான்.

உறுவையாறு சாமிநாதன் சீட்டின் மூலையில் சாய்ந்திருந்தார். மடியில் வெற்றிலைத் தட்டு அப்படியே இருந்தது. முகம் நல்ல சிவப்பு. பெரியவர் தூங்குகிறார் என்று யாரோ சிரித்தார்கள். ஆரோக்கியம் அவர் கையைத் தொட்டான். பிறகு இரண்டடி நடந்து தெருவோரத்தில் வாந்தியெடுத்தான்.

இறந்துபோன தம்பியின் மகள் விஜயகுமாரியை உலகநாதனுக்கு நிச்சயம் செய்யத்தான் சாமிநாதன் வந்திருந்தார். பெண்ணுக்குப் பதினைந்து வயது. உலகநாதனுக்கு ஐம்பத்தொன்று, இரண்டு மனைவிகளைப் பறிகொடுத்தவர். உறவுக்காரர்கள் விடியுமுன்பே மாட்டு வண்டியில் வந்து சேர்ந்துவிட்டார்கள். காரில் வந்தவர் சாமிநாதன் ஒருவர்தான்.

காலை 10.30.

டாக்டர் உடலைப் பார்த்தார். கரியடுப்பை வைத்து மூடிய அறையில் தூங்கியவர்களுக்கு இந்தச் சிவப்பு வரும் என்றார். புகைதான் கொன்றிருக்கிறது.

வில்லியனூர் பிரெஞ்சு போலீசுக்குத் தலைமை வகித்த பிரிகாதியே சிங்காரவேலு, நண்பகலுக்குள் ஒருவனைப் பிடித்து உட்காரவைக்க வேண்டியதாயிற்று. ஊரே அவனைத்தான் கைகாட்டியது. வில்லியனூர் மெக்கானிக் கலியபெருமாள். காரின் புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டையானபோது, அசல் குழாய் கப்பலில் வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். சாமிநாதன் காத்திருக்க மாட்டார். சென்னையில் வாங்கிய ஏதோ இங்கிலீஷ் லாரிக் குழாயைக் கொடுத்து மாட்டச் சொன்னார். வேலை தாமதமானதற்கு நடுத்தெருவில் கலியபெருமாளை அறைந்தும் இருந்தார். நேற்று சாயங்காலம் அவன் உறுவையாற்றில் அந்தக் கார் கொட்டகைப் பக்கம் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

பகல் 12.15. போலீஸ் நிலையம்.

"நேத்து அங்க எதுக்குப் போன?"

"பூஜை பொரி வாங்க, ஐயா. வருசா வருசம் குடுப்பாங்க. வூட்ல எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டாங்க. செத்துப்போன தம்பியோட சம்சாரம், சின்னம்மா மட்டும் கதவுக்குப் பின்னால இருந்து பொரி குடுத்துச்சு. வந்துட்டேன்."

"அடிச்சாரே, கோவம் இல்லியா?"

"இருந்துச்சு. கோவத்துல குழாயைக் கெட்டியா முடுக்கினேன். அவரு திரும்ப என் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு."

சிங்காரவேலுவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"லாரிக் குழாய் கார்ல எப்படிப் பொருந்தும்?"

"பொருந்தாது. நடுவுல ஒரு தகடு வெட்டி வெச்சேன். மூணு நட்டு. பதினாலாம் நம்பர். முடுக்கினதும் நட்டுலேர்ந்து தகடு வரைக்கும் பச்சைப் பெயின்ட்டுல ஒரு கோடு போடுவேன். நட்டு அசைஞ்சா கோடு ஒடையும். ஐயா, என்னை ஜெயிலுக்கு அனுப்பினாலும் அனுப்புங்க. அந்தக் கோட்ட மட்டும் ஒரு தடவ பாத்துடுங்க."

இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன் அவன். கோடு உடையாமல் இருந்தால் புகை ஒழுகியதற்கு அவன் வேலைதான் காரணம். கொலைப் பழி அவன் தலையில்தான். அது தெரிந்தே பார்க்கச் சொல்கிறான். சிங்காரவேலு தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பிற்பகல் 2.10. உறுவையாறு.

காரைக் கயிறு கட்டி இழுத்துவந்து கொட்டகையில் நிறுத்தியிருந்தார்கள். பெரிய யுத்தத்தில் பிரான்சில் லாரி ஓட்டியவர் சிங்காரவேலு. வண்டி ஆறிக் கிடந்தது. சோதிக்க அதுதான் நேரம், சூடேறினால் நுரை நிற்காது. சவுக்காரத்தைத் தண்ணீரில் நுரைக்கக் கரைத்தார். குழாயின் வால்பக்கத்தை ஈரச் சாக்கால் அடைத்துக்கொண்டு ஆரோக்கியத்தை இன்ஜினை முடுக்கச் சொன்னார். வண்டிக்கு அடியில் படுத்து, முன்னிருந்து ஒவ்வொரு இணைப்பாக நுரையைத் தடவி வந்தார்.

முதல் இணைப்பு சும்மா இருந்தது. கலியபெருமாளின் தகடு வந்த இடத்தில் நுரை கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி வெடித்தது. அதற்கு நேர் மேலே, பின்சீட்டின் அடிப்பலகையில் புதுக் கரி விசிறிபோலப் படிந்திருந்தது. பலகை இடுக்கில் விரல் நுழைந்தது.

துணியால் நுரையைத் துடைத்தார். மூன்று நட்டு, சூட்டில் பழுப்பேறிய மூன்று பச்சைக் கோடு. ஒன்று நேராக இருந்தது. மற்ற இரண்டும் உடைந்து, பாதி நட்டோடு சுழன்று போயிருந்தன.

வெளியே வந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். ஆரோக்கியத்திடம் கேட்டார்.

"குழாய் மாட்டினப்புறம் ஓட்டினியா?"

முந்தாநாள் பாகூர் வரை போய்வந்ததாகச் சொன்னான். சத்தமும் இல்லை, நாற்றமும் இல்லை. இன்று கிளம்பியதுமே அடியில் படபடவென்று சத்தம். சொன்னபோது, நல்ல நேரம் தவறக்கூடாது, ஓட்டு என்றார் பெரியவர். வில்லியனூர் ரயில் கேட்டில் கால் மணி நேரம் இன்ஜின் ஓடியபடி நிற்க வேண்டியிருந்தது.

"நீ எப்படிப் பொழச்ச?"

"எனக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் தொறப்பு, ஐயா. அவருக்கு ஈளை இருமல். வெயிலானாலும் மழையானாலும் மூணு பக்கமும் திரை. எனக்கும் அவருக்கும் நடுவுல கம்பளி வேற. காத்து ஆவாது. இந்த வூட்ல எல்லாருக்கும் தெரியும்."

"நட்டைக் கழட்டத் தெரிஞ்சவங்க இங்க யாரு?"

"நான் ஒருத்தன். பெரியவரோட தம்பி, சின்ன ஐயா, இருந்தா அவரு. அவருதானே பஸ் ஓட்டினாரு." ஆரோக்கியத்தின் குரல் இளகியது. "சம்மந்தம் ஐயா வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு நம்பரைச் சொல்லுவாரு. சின்னம்மா பொடவையை இழுத்துச் சொருவிக்கிட்டு, பாக்காமலே அந்த ஸ்பேனரை எடுத்து நீட்டும். அது ஒம்போது வருசத்துக்கு முந்தி."

பிற்பகல் 3.30.

சாமிநாதனின் மனைவி திரௌபதி கூடத்துத் தூணில் சாய்ந்திருந்தாள். உடல் இன்னும் வந்து சேரவில்லை. நெற்றியில் காலையில் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. விஜயகுமாரி அவள் காலடியில். விஜயகுமாரியின் தாய் கனகாம்பாள், சம்மந்தத்தின் விதவை, பின்கட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நல்ல காரியத்துக்கு வண்டி கிளம்பும்போது எதிரே வரக்கூடாது என்பதால் காலையிலும் அங்கேதான் நின்றாள்.

பூஜை அறையில் சம்மந்தத்தின் ஸ்பேனர்கள் பலகையில் வரிசையாக இருந்தன. அரிவாள், மண்வெட்டி, பெண்ணின் பாடப் புத்தகங்களும். பக்கத்தில் சந்தனக் கிண்ணம், மூடாத குங்குமச் சிமிழ். மறுபூஜை நடக்கவில்லை. அதுவரை எதையும் தொடக்கூடாது. யாரும் தொடவில்லை என்றாள் திரௌபதி.

சிங்காரவேலு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் குனிந்து நின்றார். மூன்றாவதாக இருந்த பதினாலாம் நம்பர் ஸ்பேனரை மட்டும் கைக்குட்டையால் பிடித்து எடுத்தார். அதன் வாயை வெளிச்சத்தில் காட்டினார். இடுக்கில் பச்சைப் பெயின்ட் பொடி ஒட்டியிருந்தது.

"பொட்டு வெச்சது யாரும்மா?"

"நானும் கொழந்தையும்."

"எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமமா?"

"ஆயுதத்துக்கு வேற இன்னா வெப்பாங்க?"

ஸ்பேனரை அவள் பக்கம் நீட்டினார். அதில் சந்தனம் இல்லை. குங்குமம் இல்லை. மூன்று கோடாக விபூதி இருந்தது.

திரௌபதி அதைப் பார்த்தாள். அவள் கண்கள் தாமாகவே பின்கட்டுக் கதவுக்குப் போயின.

சிங்காரவேலு அங்கே திரும்பாமலே பேசினார். நேற்று சாயங்காலம் எல்லாரும் கோயிலுக்குப் போனபின் ஒருவர் இதை எடுத்திருக்கிறார். கழற்றும்போது பொட்டு கையோடு அழிந்துவிட்டது. பூஜைக்கு வைத்த பொருளை மூளியாகத் திருப்பி வைக்க மனம் வரவில்லை. கலியபெருமாளாக இருந்தால் தன் ஸ்பேனரையே கொண்டுவந்திருப்பான். ஆரோக்கியம் மாதாகோயிலுக்குப் போகிறவன். பொட்டு அழிந்தது அவன் கண்ணிலேயே பட்டிருக்காது. வேறு யார் கையானாலும் ஒரு சாண் தூரத்திலிருந்த குங்குமச் சிமிழுக்குத்தான் போயிருக்கும்.

"அந்தச் சிமிழைத் தொடக்கூடாதுன்னு ஒம்போது வருசமா பழகின கை ஒண்ணுதான் இந்த வூட்ல இருக்கு," என்றார். "கனகாம்பாள் அம்மா, வெளிய வாங்க."

அவள் வந்தாள். வெள்ளைப் புடவை. நெற்றியில் மூன்று கோடு.

"கலியபெருமாளைப் புடிச்சிட்டீங்கன்னு இப்பத்தான் காதுல விழுந்துச்சு. அவனை வுட்டுடுங்க, ஐயா. நான்தான் கழட்டினேன். பரிசத்துக்குப் போற வண்டி படபடன்னு அலறினா சகுனம் சரியில்லன்னு திரும்பிடுவாரு, அந்த எண்ணந்தான். எம் பொண்ணுக்காக அவரு கால்ல வுழுந்து பாத்தேன். பொட்டச்சிக்கு இன்னா தெரியும்னாரு."

சகுனம் என்ற அந்தப் பேச்சோடு விட்டுவிட்டால் இவள் பாதி தப்பிப்பாள் என்று சிங்காரவேலுவுக்குத் தெரியும். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"சத்தத்துக்கு ஒரு நட்டு போதுமே. ரெண்டு நட்டைக் கழட்டினீங்க. சின்ன ஐயா பஸ் ஓட்டின காலத்துல, குழாய் ஒழுகினா திரையை மூடக்கூடாதுன்னு சொல்லியிருப்பாரு."

"சொல்லியிருக்காரு."

"உங்க மச்சாண்டார் மூடிக்கிட்டுத்தான் ஒக்காருவாருன்னு தெரியுமா?"

கனகாம்பாள் மகளைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு வேண்டிய நேரத்தை அவர் கொடுத்தார்.

"தெரியும்," என்றாள்.

மாலை 4.20.

கலியபெருமாளை விடச் சொல்லி ஆள் போயாயிற்று. வாசலில் சிப்பாய்கள் நின்றார்கள். கனகாம்பாள் கூடத்தைக் கடக்கும்போது திரௌபதியின் எதிரில் நின்றாள். மன்னிப்பு கேட்கவில்லை.

"அக்கா, இவளைத் திருக்கனூருக்கு அனுப்பிடாத."

திரௌபதி அவளை அடித்துவிடுவாள் என்றே சிங்காரவேலு நினைத்தார். அவள் விஜயகுமாரியின் தலையைத் தன் முழங்காலோடு சேர்த்துப் பிடித்தாள்.

"அனுப்ப மாட்டேன். போடி," என்றாள். "என் கண்ணு முன்னால நிக்காத. போ."

தெருமுனையில் வண்டி மணிச் சத்தம் கேட்டது. உடலைக் கொண்டுவந்துவிட்டார்கள். திரௌபதி எழுந்தாள். சாவு வீட்டில் பூஜைச் சாமான் திறந்து கிடக்கக் கூடாது. முப்பது வருஷப் பழக்கத்தில் பூஜை அறைக்குள் போய்க் குங்குமச் சிமிழை மூடக் கை நீட்டினாள்.

கை பாதியில் நின்றது.

விஜயகுமாரி உள்ளே வந்து, அவள் கையைக் கீழே இறக்கிவிட்டு, சிமிழை மூடினாள்.