உள் தோலின் ஈரம்

நேற்று மாலை தலைக்கவசத்துக்குள் அவள் தன் கையால் தைத்து ஒட்டிய உள் தோல், இன்று மதியம் தொட்டபோது ஈரமாக இருந்தது.

மழை ஒழுகியிருக்கும் என்று கூரையை அண்ணாந்து பார்த்தாள். அது காய்ந்துதான் கிடந்தது. பித்தளைத் தலைக்கவசத்தைக் கவிழ்த்து மூக்கருகே கொண்டுபோனாள். புதுத் தோலும் பசையும் கலந்த வழக்கமான நெடிக்குப் பதிலாக, வெயிலில் நாள்கணக்காக நடந்தவனின் தலை வியர்வை வாடை குப்பென்று அடித்தது. உள்ளே வெதுவெதுப்பு. யாரோ இப்போதுதான் கழற்றி வைத்தது போல.

பழைய ரோமானியச் சிப்பாய்கள் அணிந்ததைப் போலவே தலைக்கவசம் செய்து, போர்க்காட்சி நடிப்பவர்களுக்கும் வீட்டுக் கூடத்தில் அலங்காரமாக வைப்பவர்களுக்கும் அனுப்பும் பட்டறை அது. நாற்பது கவசங்கள் நாளை லாரி ஏற வேண்டும். பக்கத்து அறையில் அவற்றுக்குப் பாலிஷ் போடுவது அவள் கணவன். வேலை மும்முரத்தில் சாப்பிடக்கூட வரவில்லை. அவனுடைய மெஷினின் இரைச்சல் மட்டும் சுவரைத் தாண்டிக் காலையிலிருந்து விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"மேஸ்திரியண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க. உள்ள ஈரமா இருக்கு."

முதுகு கூனிய மேஸ்திரி தடவிப் பார்த்தார். "பசை காயலம்மா. இதுக்குப் போய் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியே!" சிரித்துக்கொண்டே அதைத் தலையில் கவிழ்த்து, தாடைப் பட்டையையும் மாட்டினார். "எப்படி, ராஜா மாதிரி இருக்கேனா?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. "கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்கண்ணே."

பதினைந்து வருஷமாக வளைந்திருந்த அவர் முதுகு, எலும்பு நெறிபடும் சத்தத்தோடு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. கன்னத் தகடுகளுக்கு நடுவே கண்கள் அவளைக் கடந்து எங்கோ நிலைத்தன. இமைக்கவில்லை.

"அண்ணே, விளையாடாதீங்கண்ணே."

அவர் அப்படி நின்றது இரண்டு நிமிஷம் இருக்கும். பட்டையோடு மல்லாடி, விரல் வழுக்கி, கடைசியில் கவசத்தைப் பிடுங்கி எறிந்தாள். மேஸ்திரி அப்படியே தரையில் சரிந்தார். உதடுகள் வெடித்திருந்தன.

"தண்ணி... நான் போயி எத்தனை நாளாச்சும்மா?"

"இங்கேயேதானேண்ணே நின்னீங்க!"

"நடக்க விட்டாங்க. நிக்கவே விடல."

அவர் செருப்பு தேய்ந்து, வார் அறுந்து தொங்கியது. பாதம் முழுக்கக் கொப்புளம். விரலிடுக்கில் அவள் கண்டறியாத ஒரு சிவப்பு மண்.

அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். "எனக்கு முன்னாடி உன் வீட்டுக்காரரு போயிட்டிருந்தாரு. கூப்பிட்டேன். திரும்பவே இல்லம்மா."

ஒவ்வொரு கவசத்தையும் பாலிஷ் போட்ட கையோடு, தலையில் வைத்துக் கண்ணாடி பார்ப்பது அவன் பழக்கம்.

ஓடினாள்.

மெஷின் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. முன்னால் ஆள் இல்லை. நிறுத்தினாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தப். தப். தப்.

மூலையில், சுவரைப் பார்த்தபடி அவன். தலையில் கவசம். நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தான். இடது. வலது. இடது.

"என்னங்க..."

கால்கள் நிற்கவில்லை.

கவசத்தின் பின்தகட்டுக்குக் கீழே, காலையில் அவள் எண்ணெய் தேய்த்துவிட்ட கறுத்த முடியைக் காணோம். வெள்ளை வெளேரென்று, புழுதி படிந்து, சடை பிடித்து, இடுப்புவரை தொங்கியது நரை.